மாரியப்பனின் மோதிர விரல்

என் ராசாவுக்கு,

மாரியப்பனுக்கு வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. நலமா, குளிருக்குப் போர்வை போதுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாக இந்த விஷயத்துக்கு வரலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஈப்போவில் உனக்கு ஏது குளிர்? நீ தைத்த கை அது. அடுத்தவர் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். புண் ஆறிவிட்டது, சீழ் இல்லை, வீக்கம் இல்லை, தையல் அழகாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டு போகும்போது அந்த இரண்டு விரலும் விறைத்துக்கொண்டு நிற்கின்றன, சோறு அந்தப் பக்கமாகக் கொட்டுகிறது. அவன் பெண்டாட்டி சரோஜாதான் முதலில் பார்த்தாள். கட்டுப் போட்ட விறைப்பு, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தார்கள். கட்டை அவிழ்த்த பிறகும் அப்படியே இருக்கிறது. கத்தியைப் பிடித்தால் பிடி நிற்கவில்லை. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற ஆளுக்குக் கையில் பிடி இல்லையென்றால் பிறகு என்ன இருக்கிறது? அவனுக்கு ரெண்டு பெண் பிள்ளைகள் என்பது உனக்குத் தெரியும்.

நீ லீவு முடிந்து போனதிலிருந்து லயத்து வீடுகளில் எல்லாம் உன் பேச்சுதான். "குட்டி டாக்டர் எப்பக்கா வருது?" என்று குழாயடியில் கேட்காத ஆள் இல்லை. முறுக்குத் தட்டு தட்டாக வந்தது. உன் அப்பாவுக்குப் பல் இல்லாத குறைதான். நானும் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். தினமும் அவனுக்குக் கட்டு மாற்றியவள் நான்தான். தையலைப் பார்ப்பேன், ரவிக்கைக் கையை மடித்துத் தைத்த மாதிரி ஒரே சீராக இருக்கும், பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கும். புண்ணைப் பார்த்தேனே தவிர விரலைப் பார்க்கவில்லை. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதனால் இந்தக் கடிதத்தில் நான் ஏதோ மேட்டில் நின்றுகொண்டு உன்னைத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. திட்ட வேண்டிய இடத்தில் திட்டுவேன். அது வேறு.

அந்த நாளை நான் பார்த்த மாதிரி சொல்கிறேன், நீ பார்த்த மாதிரி உனக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்தின நாள். மழை விட்டு விட்டுப் பெய்து மலைச்சரிவு வழுக்கிக்கொண்டிருந்தது. அரை நாள் வேலை முடிகிற நேரம், மாரியப்பன் காலை வைத்தது சறுக்கி, கையிலிருந்து நழுவின கத்தியை விழாமல் பிடிக்கப் போய் அதன் கூர்ப் பக்கத்தைப் பிடித்துவிட்டான். துண்டைச் சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். தோட்டத்துக் கிளினிக்கைப் பார்த்துக்கொள்கிற டிரஸர், மகள் கல்யாணத்துக்காக நீண்ட லீவில் சித்தியவானுக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது கிளினிக் சாவி, அவருக்கு உதவிக்கு இருக்கிற என்னிடம்தான் இருக்கும். அந்தச் சாவியோடு எனக்கு உள்ள அனுமதி எவ்வளவு என்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நீ. காயத்தைக் கழுவலாம், கட்டலாம், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கலாம், உன் அப்பா ஓட்டுகிற தோட்டத்து வேனில் ஆளை ஏற்றி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். ஊசி மருந்து அலமாரியைத் தொடக்கூடாது. அதன் சாவியும் அதே வளையத்தில்தான் தொங்குகிறது, தொங்கட்டும்.

"வேன எடுக்கச் சொல்றேன், டவுனுக்குப் போயிரலாம்" என்றேன் நான். அவன் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். "அங்கெல்லாம் வேணாம் தம்பி. நாளைக்குத் தீபாவளி. போனா வார்டுல படுக்கப் போட்டுருவாங்க. நீதான் பெரிய ஆஸ்பத்திரியில படிக்கிறியே, நீயே பாரு லா." நீ என் பக்கம் திரும்பி, "சாவியக் குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாய். கொடுத்தேன். பஞ்சும் துணியும் எடுக்கப் போகிறாய் என்று நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று வேனை எடுக்கச் சொல்ல உன் அப்பாவைத் தேடிப் போனேன். நான் திரும்பி வந்தபோது நீ மரத்துப் போகிற ஊசியைப் போட்டு முடித்து, தையல் ஊசியைக் கையில் எடுத்திருந்தாய். நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தேன். உன் கை போன வேகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். வெளியே உன் அப்பா எஞ்சினைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். ரோடு நன்றாக இருந்தது, மண் சரிவு கூட இல்லை. நீ தைத்து முடித்து, பென்சிலினும் போட்டு, கட்டுக் கட்டினதும் நான்தான் போய் எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.

அப்போது மாரியப்பன் என் முகத்தைப் பார்த்து ஒன்று சொன்னான். "எங்கப்பாவுக்கு நீங்க செய்யாதத உங்க புள்ள எனக்குச் செஞ்சிருச்சு." நீ சிரித்தாய். என்ன சொல்கிறான் என்று உனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து அவன் என்னிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை அது. நான் உன்னிடம் இதுவரை சொல்லாத கதை, இப்போது சொல்கிறேன்.

மாரியப்பனின் அப்பா இந்தத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். நீ அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை. ஒரு நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டிரஸர் மருந்து வாங்க தானா ராத்தா போயிருந்தார். உன் அப்பா வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார், நான் பின்னால் ஏறினேன், மாரியப்பனும் ஏறினான். அவனுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. படுக்க வைத்தால் கங்காணிக்கு மூச்சு இழுத்தது, அதனால் என் தோளில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டேன். சட்டைப் பித்தானைக் கழற்றினேன், வேட்டியைத் தளர்த்தினேன், ஜன்னலைத் திறந்துவிட்டேன். கோலா தெர்லா தாண்டி திரிங்காப் வளைவில் ஒரு முட்டைக்கோஸ் லாரி குறுக்கே நின்றுகொண்டிருந்தது. உன் அப்பா ஹாரன் அடித்தார், இறங்கிக் கத்தினார், லாரி நகர்கிற வழியைக் காணோம். டிரஸரின் மருந்துப் பெட்டி எப்போதும்போல சீட்டுக்கு அடியில் இருந்தது. மாரியப்பன் கண்ணில் அது பட்டுவிட்டது.

"அக்கா, பெட்டியில ஊசி இருக்குல்ல, போடுங்கக்கா."

"எனக்குத் தெரியாதுடா."

"டிரஸர் போடுறத எத்தன வாட்டி பாத்திருக்கீங்க!"

"பாத்திருக்கேன். எந்த மருந்து, எவ்ளோன்னு எனக்குத் தெரியாது. நீ அப்பா கையப் புடிச்சுக்க, பேச்சுக் குடு, தூங்க விடாத."

அவன் பெட்டியை இழுத்தான். நான் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் தோளில் கங்காணி, இன்னொரு பக்கம் காலடியில் பெட்டி. லாரி நகர்ந்து, வேன் கிளம்பி, பிரிஞ்சாங் வரும்போது அவர் தலை என் கழுத்தில் கனத்தது. மாரியப்பன், "போச்சுக்கா, வண்டியத் திருப்பச் சொல்லுங்க, வீட்டுக்குக் கொண்டு போயிரலாம்" என்று அழுதான். வெளியே உயிர் போனால் பிணத்தை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள், வாசலில் பந்தல் போட்டுத்தான் கிடத்துவார்கள். இன்னும் உயிர் இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லித் திருப்பிக் கொண்டு போயிருந்தால், தன் வீட்டுக்குள்ளேயே செத்தார் என்று பேர் ஆகியிருக்கும். போய்விட்டது என்று சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை, இருக்கிறது என்று பொய் சொல்லவும் எனக்கு மனசு இல்லை. "டாக்டர் பாக்கட்டும்" என்று சொல்லி நேரே ஓட்டச் சொன்னேன். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சாயங்காலம் கங்காணியை அவர் வீட்டு வாசலில் கிடத்தினார்கள். "கடைசியா ஒரு வாட்டி வாசப்படி தாண்ட விடலையே" என்று அவர் சம்சாரம் என்னைப் பார்த்து ஒப்பாரி வைத்தாள். லயமே கேட்டது.

அந்த ஊசியைப் போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. டிரஸரிடம் கேட்டேன், அவரும் தெரியாது என்றுதான் சொன்னார். ஒன்று மட்டும் தெரியும். அன்றைக்கு நான் செய்ததையே இன்றைக்கும் செய்வேன், கூசாமல் செய்வேன். எனக்குத் தெரியாத மருந்தை, தெரியாத அளவில், ஒரு பையன் அழுகிறான் என்பதற்காக அவன் அப்பா உடம்பில் ஏற்றுவதற்கு நான் யார்? மாரியப்பன் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. கிளினிக்குக் காயம் கட்ட வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரு தடவை முதுகில் கட்டி வந்தது, அப்போது முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், அவனுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. நான் சிரித்துக்கொண்டேதான் கட்டினேன். ஆனால் வலித்தது. ஒரே லயத்தில் எதிர் வீட்டுக்காரன் பார்க்காமல் போவது லேசான விஷயம் இல்லை.

அதனால்தான் தீபாவளிக்கு முந்தின நாள் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் செய்யாததை என் பிள்ளை செய்துவிட்டான், பகை தீர்ந்தது, எதிர் வீட்டிலிருந்து பலகாரம் வரப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஆசை. அந்த ஆசையில் உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன். தைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டச் சொன்னாயா? பென்சிலின் போடுவதற்கு முன்னால் இதுவரை போட்டிருக்கிறானா, ஒத்துக்கொண்டதா என்று கேட்டாயா? நீ டிரஸர் வேலைக்கு ரெண்டாம் வருஷம் படிக்கிறவன், பெரியவர்கள் பக்கத்தில் நின்றால்தான் உனக்குத் தைக்கிற அனுமதியே உண்டு என்று அவனிடம் சொன்னாயா? அவன் சரி என்று கையை நீட்டினது உண்மைதான். யாரிடம் நீட்டுகிறோம் என்று நினைத்து நீட்டினான்? பாதி டாக்டர் என்று நினைத்து நீட்டினான். அவனுக்குச் சரியாகச் சொல்லியிருந்தால் அவன் வேனில் ஏறியிருப்பானோ என்னவோ, ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமையாவது அவன் கையில் இருந்திருக்கும்.

சரோஜா வந்து விரல் விஷயத்தைச் சொன்னதும் தானா ராத்தா போயே ஆக வேண்டும் என்றேன். உடனே குழாயடியில் ஒரு கூட்டம். மாரியப்பன், சரோஜா, பக்கத்து வீட்டுக்காரர்கள், உன் அப்பா எல்லோரும் சேர்ந்து ஒரு கதை கட்டிவிட்டார்கள். கோலா தெர்லாவில் ஒரு கிளினிக்கில் தைத்தது என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு கிளினிக் அங்கே இருக்கிறதா என்று கூட யாரும் யோசிக்கவில்லை. "தம்பி பேரு வெளிய வந்தா படிப்பு போயிரும் லா. நம்ம புள்ளைய நாமளே காட்டிக் குடுக்குறதா?" என்றான் மாரியப்பன். கை போனவன் அவன், அவனே சொல்கிறான். உன் அப்பா என்னிடம், "அவங்களே வேணாங்குறாங்க. நீ ஏன் வாயத் தொறக்கணும்?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சனங்கள் உன் மேல் எவ்வளவு பாசம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள். நானும் சரி என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் இன்று காலை வேனில் ஏறினேன்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண், உன்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். விரலை மடக்கச் சொன்னாள், தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், முகம் மாறியது. விரலை இழுத்து மடக்குகிற கயிறு மாதிரி ஒன்று உள்ளே ஓடுகிறதாம், தசைநாண். கத்தி அதை அறுத்துவிட்டிருக்கிறது. அறுந்த முனைகள் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டன. மேலே தோலை மட்டும் தைத்து மூடியிருக்கிறது என்றாள். அன்றைக்கே வந்திருந்தால் ஈப்போவுக்கு அனுப்பி இணைத்திருப்பார்கள், இப்போதும் கை நழுவிப் போய்விடவில்லை, ஆனால் இனி ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக்கூடாது என்றாள். பிறகு யார் தைத்தது என்று கேட்டாள். மாரியப்பன் கோலா தெர்லா கதையை எடுத்துவிட்டான். என்னென்ன ஊசி போட்டார்கள் என்று கேட்டாள். எல்லாம் போட்டார்கள் என்றான். டெட்டனஸ் ஊசி? போட்டார்கள் என்றான், ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. உன்னைக் காப்பாற்றுகிற வேகத்தில் என்ன சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. டாக்டர் அதை எழுதப் பேனாவை வைத்துவிட்டாள்.

நம் கிளினிக்கில் அந்த மருந்து தீபாவளிக்கு முன்னாலேயே தீர்ந்துபோனது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும், அலமாரியைத் திறந்து பார்த்தவன் நீ. மண்ணிலும் சேற்றிலும் புழங்குகிற கத்தி. இனி இந்தப் பொய் உன் படிப்பைப் பற்றியது மட்டும் இல்லை, அவன் உயிரைப் பற்றியது. நான் எழுந்து நின்று மலாயில் சொன்னேன். "இல்லை டாக்டர். தைத்தது என் மகன். ஈப்போவில் ரெண்டாம் வருஷம் படிக்கிறான். மரத்துப் போகிற ஊசி போட்டான், பென்சிலின் போட்டான், டெட்டனஸ் போடவில்லை. சாவியைக் கொடுத்தது நான்." பேர் என்ன என்று கேட்டாள். உன் முழுப் பேரையும் சொன்னேன். நான் வைத்த பேர்தானே, தடுமாறாமல் வந்தது. அவள் நர்ஸைக் கூப்பிட்டு முதலில் அந்த ஊசியைப் போடச் சொன்னாள். உன் அப்பா கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மாரியப்பன் என்னைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கு எங்கப்பாவ விட்டீங்க. இன்னிக்கு உங்க புள்ளையவே விட்டுட்டீங்கல்ல!" ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ஆமாடா, சொன்னேன். ஊசி போட்டாச்சுன்னு நீ சொன்னத எழுதியிருந்தா உன் பொண்ணுங்களுக்கு யாரு பதில் சொல்றது, நானா, கோலா தெர்லா கிளினிக்கா?" என்றேன். திரும்பி வரும்போது வேனில் எதிர் சீட்டில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து வந்தான். திரிங்காப் வரும்போது, என்னைப் பார்க்காமலே, "அந்தக் காயத்துக்கு அந்த ஊசி போடலைன்னா செத்துப் போயிருவாங்களாக்கா?" என்று கேட்டான். "சில பேரு போயிருவாங்க" என்றேன். "ம்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த மாதம் உன்னை ஆம்புலன்ஸ் வேலையில் போடப் போகிறார்கள் என்று சொன்னாயே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. வார்டில் உனக்கு மேலே ஆள் இருப்பார்கள், கையைத் தட்டிவிடுவார்கள். வண்டியின் பின்பக்கத்தில் யாரும் இல்லை. நீ, படுத்திருக்கிறவன், அழுகிற ஒரு சொந்தக்காரன், அவ்வளவுதான். அவர்கள் உன்னை டாக்டர் என்று கூப்பிடுவார்கள், காலைப் பிடிப்பார்கள். இல்லை என்று சொன்னால் சாபம் விடுவார்கள். உனக்கு அனுமதி இல்லாததை உன்னால் செய்ய முடியும் என்று உனக்கே தோன்றும் பார், அந்த நேரத்தில் கொஞ்சம் நில். கை தெரிந்தவனுக்குத்தான் அந்தச் சோதனை வரும், ஒன்றும் தெரியாதவனுக்கு வராது. அதற்காக, அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற சோம்பேறி ஆகிவிடாதே. அப்படிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களைவிட அவசரக்குடுக்கையான நீ எவ்வளவோ மேல். உனக்கு உரியதை முழுசாகச் செய். ரத்தத்தை அழுத்திப் பிடி, கை மரத்துப் போனாலும் விடாதே. மூச்சு விடுகிற மாதிரி சாய்த்துவை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இரு. என்ன நடந்தது, என்ன கொடுத்தாய், என்ன கொடுக்கவில்லை என்று டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல். அந்தக் கங்காணியை நான் சும்மா கொண்டு போகவில்லை. வழி முழுக்க என் தோளில் தாங்கித்தான் கொண்டு போனேன், அந்தத் தோள் ஒரு வாரம் வலித்தது. என் வேலை அதுதான். அதில் குறை வைத்தேன் என்று அவர் சம்சாரம் கூடச் சொல்லவில்லை.

டிரஸர் வந்ததும் அவரிடமும் நடந்ததைச் சொல்லி, சாவியைக் கையில் கொடுத்துவிடுவேன். என் வேலை இருக்குமோ இருக்காதோ தெரியாது. போனால் கொழுந்து எடுக்கப் போவேன், எனக்கு என்ன கை மறந்தா போய்விட்டது? நீ அதை நினைத்து அழ வேண்டாம். உன்னை அவர்கள் என்ன செய்வார்கள் என்றும் எனக்குத் தெரியாது. கொஞ்ச நாள் வெளியே நிறுத்தலாம், ஒரு வருஷம் பின்னுக்குத் தள்ளலாம். உன்னை ஒரேயடியாக அனுப்பிவிட மாட்டார்கள் என்று என் மனசு சொல்கிறது. தானே வந்து சொன்னவனையும் பிடிபட்டவனையும் யாரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. நான் பெற்ற பிள்ளை, உன் கை நல்ல கை என்று எனக்குத் தெரியும். அந்தக் கையை நம்பி அடுத்தவன் படுக்க வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. மாரியப்பன் நாளைக் காலை, நீ இதைப் படிக்கிற அதே காலை, முதல் பஸ்ஸில் தாப்பா வழியாக ஈப்போ வருகிறான். உன் அப்பா கூட வருகிறார், யாரும் கேட்காமல் அவரே வேஷ்டி சட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். மாரியப்பன் கையைத் திறந்து பார்க்கப் போவது உங்கள் ஆஸ்பத்திரியில்தான். தானா ராத்தா டாக்டர் எழுதிக் கொடுத்ததில் உன் பேர் இருக்கிறது. அவள் அப்போதே போன் எடுத்து, உங்கள் படிப்பைப் பார்த்துக்கொள்கிற பெரியவரைக் கூப்பிட இருந்தாள். நான்தான், "என் மகனுக்கு நான் முதலில் சொல்லிவிடுகிறேன், நோயாளி கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டேன். வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் எனக்காக நான் கேட்டது அது ஒன்றுதான். அவள் யோசித்துவிட்டு போனைக் கீழே வைத்தாள்.

பஸ் அங்கே வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். ஈப்போ மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லாரி இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்புகிறது, இந்தக் கடிதத்தை அந்த டிரைவர் கையில் கொடுக்கிறேன். விடியும்போது உன் ஹாஸ்டல் வாசலில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆக, உனக்கு ஒரு காலைப் பொழுது இருக்கிறது. உன் பெரியவர் அறைக்கு முன்னால் போய் நின்று, அவர் கேட்பதற்கு முன்னால் நீயே வாயைத் திறப்பதற்கு அது போதும். அதற்கு மேல் உனக்கு என்னால் வாங்கித் தர முடியவில்லை, அய்யா.

முகத்தைக் கழுவிக்கொண்டு போ.

உன் அம்மா